தேன்மொழியின் முணுமுணுப்பு

மருதாணி அரைச்ச கல்லுல அப்பிடியே மாவையும் ஊத்தி அரைச்சுப் போட்டு, இட்லி ஏன் ஆரஞ்சுக் கலர்ல வருதுன்னு என்னையக் கேக்கறயே, உனக்குக் கிரைண்டர வித்தவனத்தான் மொதல்ல புடிச்சு உள்ள போடோணும். ஏஞ்சாமி, கல்லைக் கழுவோணும்னுகூட கம்பெனிக்காரன் வீட்டுக்கு வந்து சொல்லோணுமா?

துளசிமணி இதில் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"அடடா, விசேச நாளும் அதுவுமா எத்தன செரமமாப் போச்சு பாருங்க. நீங்க வெசனப்படாதீங்க. கொஞ்சம் புளித்தண்ணிய ஊத்தி ரண்டு ஓட்டு ஓட்டிக் கழுவி விடுங்க, செரியாப் போயிருமுங்க."

மறுமுனையில் சீறிக்கொண்டிருந்தவர் அடங்கினார். கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுப்பதாகச் சொன்னவர், போனை வைக்கும்போது அவளுடைய குழந்தை குட்டிகளை விசாரித்தார். எப்போதும் நடப்பதுதான்.

அவர் பேசி முடித்ததற்கும் அவள் வாய் திறந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி இருந்தது. மேலே கண்ட திட்டு முழுவதும் அதற்குள்தான் நடந்து முடிந்தது. துளசிமணிக்கு வீட்டில் தனியறை கிடையாது. ஆபீசில் அவள் மேசை தண்ணீர்க் கேனுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில், எல்லோரும் போகிற வருகிற வழியில் கிடந்தது. அந்த மூச்சு இடைவெளி ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எதிராளியை நாலு கிழி கிழிப்பாள். முகம் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். வெளியே வரும்போது கோபம் தீர்ந்திருக்கும். அந்த இடத்தில் எதிராளி மேல் லேசாக ஒரு பாவமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அவள் குரலில் அவ்வளவு கனிவு. செங்கதிர் கிரைண்டர் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை அவளைத் தங்கமான பொம்பளை என்றார்கள். மாமியார்கூட அவள் இல்லாத நேரத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

கிரைண்டர்கள் தங்கள் நோவைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் காலம் அது. பெல்ட் தேய்ந்தால் இயந்திரமே கம்பெனிக்குச் சேதி அனுப்பிவிடும். மறுநாள் ட்ரோன் வந்து மொட்டை மாடியில் புது பெல்ட்டைப் போட்டுவிட்டுப் போகும். ஆனாலும் ஜனங்கள் போன் செய்தார்கள். ரிப்பேர் சரியானால் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. ரிப்பேர் ஆனதற்காக யாரையாவது கோபித்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கோயமுத்தூரில், கணபதியில் இருந்த அந்தக் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்று ஒன்று இன்னும் மிச்சமிருந்தது. ஒரு காலத்தில் அறை நிறையப் பெண்கள் உட்கார்ந்து பேசிய இடம். இப்போது துளசிமணியும் தேன்மொழியும் மட்டும்.

தேன்மொழி என்பது இயந்திரம். துளசிமணியின் குரலை வைத்துக்கொண்டு, அவள் பேசிய பழைய அழைப்புகளையெல்லாம் கேட்டுக் கேட்டு அவளைப் போலவே பேசப் பழகியது. அது முழுசாகப் பழகிவிட்டால் அப்புறம் துளசிமணி எதற்கு என்ற கேள்வியைக் கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் கேட்டார்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் உட்கார்ந்ததுதான் தாமதம், யோசனைகள் இலையில் விழ ஆரம்பித்தன. இந்தப் பக்கம் இருந்த சித்தப்பா முறைக்காரர், இன்னுமா அந்த வேலையில் இருக்கிறாய், காலத்துக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொள்ள வேண்டாமா என்றார். அவர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எதற்கும் மாறாதவர். எதிர்ப்பந்தியில் இருந்த அத்தை, கேக் செய்யப் படித்துக்கொள், இயந்திரத்தால் கேக் செய்ய முடியாது என்றார். அந்தக் கல்யாணத்து கேக்கை இயந்திரம்தான் செய்திருந்தது. சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்று, இனிமேல் மனிதர்களுக்கு மனிதத் தொடுகை சம்பந்தப்பட்ட வேலைதான் நிலைக்கும் என்று சொல்லிவிட்டு, பேச்சு மும்முரத்தில் அவள் பாயசத்தில் சாம்பாரை ஊற்றினார். துளசிமணி எல்லோருக்கும் தலையாட்டினாள். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பதில் சொன்னாள்.

வேலை மாறுவதைப் பற்றி அவளுக்கு வெளியார் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தனபாலே போதும். அவர் தறி ஓட்டினார். அறுந்த நூலைத் தானே முடியும் தறி வந்தது. செல்போன் ரிப்பேர் படித்தார். பிரிக்கவே முடியாத செல்போன் வந்தது. கடன் வாங்கி டாக்ஸி வைத்தார். ஓட்டுநர் இல்லாத டாக்ஸி வந்தது. தென்னைக்கு மருந்தடிக்கிற ட்ரோனை இயக்கக் கற்றுக்கொண்டு சான்றிதழும் வாங்கினார். அந்த வாரமே ட்ரோன் தானாகப் பறக்கக் கற்றுக்கொண்டது. தனபால் எந்தப் படிப்பில் சேருகிறார் என்று பார்த்து, அந்தத் தொழிலில் போட்ட பணத்தை உடனே எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. அவர் மட்டும் தளரவில்லை. அடுத்த படிப்புக்கான விளம்பரங்களை எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு துளசிமணியின் சம்பளத்தில் நடந்தது.

தேன்மொழியை முதன்முதலாக வாடிக்கையாளர்களிடம் பேச விட்டார்கள். அது துளசிமணியைவிட மரியாதையாகப் பேசியது. துளசிமணியைவிட வேகமாகப் பதில் சொன்னது. ஆனால் அதனிடம் பேசியவர்கள் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு கோபத்தோடு போனை வைத்தார்கள். பொள்ளாச்சி அம்மாள் ஒருவர், உன் வருத்தம் வாயோடு நிற்கிறது என்று சொல்லி அதை அழவைக்கப் பார்த்தார். ஈரோட்டிலிருந்து ஒருவர் கிரைண்டரின் குழவியை மட்டும் கூரியரில் அனுப்பி வைத்தார். மேனேஜர் லோகநாதன் அதைத் தன் மேசை மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து சம்யுக்தா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். கெட்டிக்காரி. சாப்பிடும்போதுகூடக் கணினியை மூடாதவள். இரண்டு நாள் துளசிமணியின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்தாள்.

"அக்கா, பதில் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு சின்ன கேப் விடறீங்க. எங்க ஆளுங்க அதை வெறும் சைலன்ஸ்னு நினைச்சு வெட்டிட்டாங்க."

"அது மூச்சு விடறதுங்க."

"மூச்சு மட்டும் இல்லக்கா. வீடியோல பார்த்தேன், உங்க தொண்டை அசையுது. வாயைத் திறக்காம மனசுக்குள்ள பேசினாலும் தொண்டை நரம்புக்கு லேசா ஒரு சேதி போகும். அந்த கேப்ல நீங்க என்னமோ பேசறீங்க. என்ன பேசறீங்க?"

துளசிமணிக்குக் காது மடல் சூடாயிற்று. குளிக்கிற அறையின் தாழ்ப்பாளை யாரோ வெளியிலிருந்து ஆட்டிப் பார்த்தது போல இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

சம்யுக்தா ஒரு கழுத்துப்பட்டையை எடுத்து வைத்தாள். கறுப்பாக, இரண்டு விரல் அகலத்தில், முன்பக்கம் சின்னப் பச்சை விளக்கோடு இருந்தது. அதைக் கட்டிக்கொண்டால் அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று தேன்மொழி கற்றுக்கொள்ளும். மனிதர் யாரும் கேட்க மாட்டார்கள், இயந்திரம் மட்டும்தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். லோகநாதன் வழக்கம்போல நேராகச் சொல்லாமல் சுற்றி வந்தார். தேன்மொழி தேறாவிட்டால் புகார்ப் பிரிவையே மூடிவிட்டு, வடக்கே எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடப் போகிறார்களாம். தேறிவிட்டால் துளசிமணிக்குக் குரல் மேலாளர் என்று ஒரு பதவி உண்டு. மேலாளருக்கு என்ன வேலை என்று அவள் கேட்டதற்கு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவள் கட்டிக்கொண்டாள்.

முதல் நாள் மனதை நன்றாகப் பெருக்கி, கோலம் போட்டு வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் கத்தும்போது, பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ என்று உள்ளே நினைத்தாள். அடுத்தவர் கத்தும்போது, இவரும் நல்லவர்தான் என்று நினைத்தாள். பத்து பேருக்குள் தலைவலி வந்துவிட்டது. விருந்தாளி வந்த வீட்டில் சொந்தக்காரி சமையற்கட்டில் நின்றபடியே சாப்பிடுவது போல, மனதின் முன்னறையை விட்டுக்கொடுத்துவிட்டு எங்கோ ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நினைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் ஒரு ஆள், வெட்கிரைண்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று கேட்டான். துளசிமணியின் மனம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதன் பிறகு அவள் தடுக்கவில்லை. யார் கேட்கப் போகிறார்கள்? இயந்திரம்தானே.

தேன்மொழி தேறியது. அதன் குரலில் ஈரம் வந்துவிட்டது என்று லோகநாதன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து உடுமலைப்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் போன் செய்தார். அழைப்பு துளசிமணியிடம் வந்தது. கிரைண்டருக்கு ஒன்றுமில்லை, நேற்று பேசிய அம்மிணியோடு இன்னொரு தடவை பேச வேண்டும் என்றார். நேற்று பேசியது தேன்மொழி. ஏதாவது தப்பாகிவிட்டதா என்று துளசிமணி கேட்டாள்.

"தப்பெல்லாம் இல்லீங்க. நான் தாசில்தாரா இருந்தவன்னு சொல்லிப்போட்டு, கிரைண்டர் கடகடன்னு கத்துதுன்னு சொன்னனுங்க. அந்த அம்மிணி மெல்லமா, 'கரண்டிய உள்ள போட்டுட்டு கல்லு கத்துதுங்கறயே, உன்னைய எந்த மகராசன் தாசில்தார் ஆக்குனான்' அப்படின்னுச்சு. அப்பறம் சத்தமா, 'அடடா, செரமமாப் போச்சுங்களே'ன்னுச்சு. பாத்தா உள்ள நெசமாலுமே கரண்டி."

துளசிமணியின் கை கழுத்துப்பட்டைக்குப் போனது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினாள். அவர் விடவில்லை.

"எதுக்குங்க மன்னிப்பு? என்ற சம்சாரம் போய்ச் சேந்ததுக்கப்பறம் என்னைய இப்பிடி யாரும் வெய்யலீங்க. பெத்ததுக ரண்டும் வெளிநாட்டுல இருந்து ஐயா ஐயான்னு மரியாதையாப் பேசுதுக. இன்னொருக்கா வெய்யச் சொல்லுங்க, கேட்டுட்டு வெச்சர்றேன்."

துளசிமணி நேராகச் சம்யுக்தாவிடம் போனாள். மனிதர் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னீர்களே என்றாள். சம்யுக்தா கணினியில் எதையோ தட்டிப் பார்த்து முகம் வெளிறினாள்.

"நாங்க யாரும் கேக்கலக்கா. நேரா கஸ்டமர்தான் கேட்டிருக்காங்க."

நடந்தது இதுதான். அழைப்புகளில் மௌனமே இருக்கக் கூடாது, மௌனம் வந்தால் வாடிக்கையாளர் போனை வைத்துவிடுவார் என்பது தலைமை அலுவலகத்தின் பழைய கட்டளை. தேன்மொழிக்கு இப்போது துளசிமணியைப் போல ஒரு மூச்சு இடைவெளி வந்துவிட்டது. இடைவெளி இருக்க வேண்டும், ஆனால் மௌனம் இருக்கக் கூடாது. சொன்ன பேச்சைத் தட்டாத இயந்திரம், அந்த இடைவெளியில் கைக்கு எது கிடைத்ததோ அதைத் தாழ்ந்த குரலில் போட்டு நிரப்பிவிட்டது.

லோகநாதன் அந்த நிமிடமே அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். மறுநாள் காலை அழைப்புகள் வந்து குவிந்தன. அத்தனை பேரும் ஒரே புகார்தான் சொன்னார்கள். நேற்று வரை நன்றாகத்தானே திட்டினீர்கள், இன்று என்ன ஆயிற்று?

மதியத்துக்குள் தேன்மொழிக்கு முணுமுணுப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஊருக்கே அந்தக் கிறுக்கு பிடித்தது. கிரைண்டரில் கோளாறு இல்லாதவர்கள் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். கிரைண்டரே இல்லாதவர்கள் திட்டு வாங்குவதற்காகக் கிரைண்டர் வாங்கினார்கள். புது வேலையில் சேருவதற்கு முந்தின நாள் செங்கதிரில் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு போனால் நல்லது என்று டவுன் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஐ.டி. கம்பெனிகளில் எப்போதும் தட்டிக்கொடுத்தே பேசும் இயந்திர மேலதிகாரிகளிடம் வேலை பார்த்த பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகப் போன் செய்தார்கள். தாங்கள் செய்கிற வேலை உருப்படியானதுதானா என்று அவர்களுக்கு யாராவது கடிந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பையன், தான் வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்கப் போகலாமா என்று கேட்டானாம். தேன்மொழி, "இருக்கற செடிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தமாட்ட, உனக்கு மாடா" என்று முணுமுணுத்துவிட்டு, கிரைண்டர் சம்பந்தமாக வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டதாம்.

துளசிமணி சில அழைப்புகளைக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தாள். முதலில் அவமானமாக இருந்தது. அடுத்ததாக வந்தது என்னவென்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பொறாமை. தான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாததை அந்தக் குரல் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறது. சொல்லியும் அதை எல்லோரும் விரும்புகிறார்கள். இத்தனை வருஷமாக எதற்காக, யாருக்குப் பயந்து இதைப் பூட்டி வைத்திருந்தாள்?

அந்த மயக்கம் கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் தன்னையறியாமல் ஒரு திட்டைக் கோத்துக்கொண்டிருந்தாள். யார் மேலும் கோபமில்லை. நன்றாக வந்திருக்கிறது, இன்றைக்கு ஆபீசில் பட்டை கட்டியதும் இதை ஒரு தடவை நினைத்துவிட வேண்டும் என்று எண்ணினாள். கத்தி நின்றுவிட்டது. கதவைத் திறந்து உள்ளே போனால் அங்கேயும் ஆபீஸ். அங்கேயும் மேசை, நாற்காலி, நல்ல பெயர் வாங்கும் ஆசை.

அன்று முதல் பட்டையைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். யார் எவ்வளவு கத்தினாலும் உள்ளே ஏழாம் வாய்ப்பாடுதான். தேன்மொழி அதையும் கற்றுக்கொண்டது. மறுவாரம் சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர், உங்கள் பெண் என் குறையைக் கேட்டுவிட்டு "ஏழெட்டு அம்பத்தாறு" என்கிறாள், கிரைண்டரில் அப்படி எதை எண்ணிப் போட வேண்டும் என்று விளக்கம் கேட்டார். கணக்கு வேண்டாம், திட்டுத்தான் வேண்டும் என்று புகார்கள் குவிந்தன. சம்யுக்தா வந்து, ப்ளீஸ் அக்கா என்று மட்டும் சொன்னாள். துளசிமணி ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு மாறினாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம் தனபால் வழக்கத்துக்கு மாறாக டி.வி.யை நிறுத்திவிட்டுச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வைத்திருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் புகார் எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். பேசும் இயந்திரங்களைப் பராமரிக்க ஒரு புதுப் படிப்பு வந்திருக்கிறதாம். சேருவதற்கு முன்னால் அப்படி ஒரு இயந்திரத்திடம் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியதாம். வீட்டுக் கிரைண்டரில் மூடி கொஞ்சம் ஆடுகிறது என்று சும்மா சொன்னாராம்.

"உங்களையும் திட்டி வெஞ்சுதுங்களா?" என்று துளசிமணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வெய்யல."

டம்ளரை மேடை மேல் வைத்தார். பிறகு, பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார்.

"'மறுக்கா ஒரு படிப்பா. நல்ல கை, நல்ல மனுசன், நேரந்தான் கூடி வர மாட்டீங்குது. மத்தியானம் சாப்பிட்டாரோ என்னமோ' அப்படின்னுச்சு துளசி. அப்பறம் சத்தமா, மூடிக்கு என்னங்க ஆச்சுன்னு கேட்டுச்சு. நான் போன வெச்சுட்டேன்."

அவர் மதிய நேரத்தில் ஆபீசுக்குப் போன் செய்து புதுப்புதுப் படிப்புகளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவள் கழுத்தில் பட்டை இருந்திருக்கிறது. அவர் குரலைக் கேட்டதும் அவள் உள்ளே என்ன சொல்வாளோ அதைத் தேன்மொழி சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. துளசிமணிக்கு அது உடனே புரிந்தது.

ஊர் முழுக்க அவள் திட்டைக் கேட்டபோது வராத கூச்சம் இப்போது வந்தது. திட்டு போனால் போகட்டும், அது தினமும் ஊறுவது. இது அப்படியில்லை. இதை அவளே ஒரு நாள் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போயிருக்கலாம். எதுவானாலும் அது அவள் கையில் இருந்தது. நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கலாம் என்று அத்தனை வருஷம் பீரோவுக்குள் வைத்திருந்ததை, ஒரு இயந்திரம், மூடி ஆடுகிறது என்று சொன்ன ஆளிடம் எடுத்து நீட்டிவிட்டது.

"நீ மனசுக்குள்ள என்னையக் காறித் துப்பறீன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார் தனபால்.

"அதுவும் உண்டுங்க" என்றாள் துளசிமணி.

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்ததை அவள் பார்க்காதது போல ரசத்தை இறக்கினாள். படிப்பில் சேரட்டுமா என்று அவர் கேட்டார். சேருங்கள் என்றாள்.

மறுநாள் லோகநாதன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். சம்யுக்தாவும் இருந்தாள். மேசை மேல் ஈரோட்டுக் குழவிக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பட்டை இருந்தது. இது கழுத்துக்கு அல்ல, நெற்றிக்கு.

லோகநாதன் நல்ல செய்தியிலிருந்து தொடங்கினார். பதவி உறுதியாகிவிட்டது. சம்பளம் இரண்டு மடங்கு. தலைமை மனக்குரல் அதிகாரி என்று பெயர்ப்பலகைகூடத் தயார். ஆபீசுக்கே வர வேண்டாம். இந்தப் பட்டையை ராத்திரி பகல் கட்டிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தால் போதும். இனி வேலை என்பதே நினைப்பதுதான், இந்தக் காலத்தில் யாருக்கு இப்படி அமையும் என்றார்.

சம்யுக்தா அவரைப் போலச் சுற்றி வளைக்கவில்லை. மற்றவர்களின் முணுமுணுப்பையும் போட்டுப் பார்த்தார்களாம். வக்கீல்கள், டிராபிக் போலீஸ்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டர்கள். கேட்டவர்கள் எல்லாம் சண்டைக்கு வந்தார்கள்.

"திட்டு இல்லக்கா விஷயம். திட்டி முடிச்சதும் நீங்க ஒரு செகண்ட் அவங்க மேல பாவப்படறீங்க. அதுக்காகத்தான் எல்லாரும் போன் பண்றாங்க. ஆனா அது வார்த்தையா வர்றதில்ல. தொண்டை வரைக்கும் வர்றதில்ல. அதான் இந்தப் பட்டைல அரைகுறையா விழுது. புதுசு போட்டா முழுசா எடுத்துடலாம்."

மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று துளசிமணி கேட்டாள். லோகநாதன் குழவியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். தேன்மொழி இருப்பதை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டும். துளசிமணிக்கு வேறு நாற்காலி எதுவும் இப்போதைக்குக் காலியில்லை. அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை.

துளசிமணி வீட்டு வாடகையை நினைத்தாள். கல்யாணப் பந்தியில் இனிமேல் விழப்போகும் யோசனைகளை நினைத்தாள். உடுமலைப்பேட்டைத் தாசில்தாரை நினைத்தாள். அவரிடம் நேரில் போய் ஒரு நாள் வைதுவிட்டு வரலாம். மத்தியானம் சாப்பிட்டாரோ என்னமோ என்ற அந்த ஒரு வரியையும் நினைத்தாள். அதை மட்டும் இனிமேல் வீட்டுக்காரரிடம் தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பட்டையை அவிழ்த்தாள். பச்சை விளக்கு அணைந்தது. அதை நன்றாக மடித்து, புதுப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். வியர்வை பட்டிருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தும் கொடுத்தாள்.

"வேண்டாமுங்க" என்றாள்.

லோகநாதன் இன்னும் ஒரு நாள் யோசிக்கச் சொன்னார். அவள், யோசித்தாகிவிட்டது என்றாள். போகும்போது நினைவு வந்தவளாக, எங்கள் வீட்டுக்காரர் பேசும் இயந்திரங்களைப் பராமரிக்கும் படிப்பில் சேர்ந்திருக்கிறார், நேற்றுத்தான் பெயர் கொடுத்தார் என்று ஒரு தகவலாகச் சொன்னாள். லோகநாதன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண், தேன்மொழி இருக்கும் பக்கத்துக் கண்ணாடி அறைக்குத் தானாகப் போய் நின்றது.

கதவருகில் சம்யுக்தா எழுந்து வந்தாள். இன்ஜினியர் போல இல்லாமல், சின்னப் பெண் போலக் கேட்டாள்.

"அக்கா, கோவமா? இப்ப உள்ள என்ன சொல்லிட்டிருக்கீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."

துளசிமணி அவளைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஆயிற்று. அவள் தொண்டை லேசாக அசைந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.